மூட்டு நோவும் முன்வினையும்

திருக்கோயிலில் வலம் வந்து வணங்கும் முதியோரை உற்று நோக்குவோமாயின், வழிபாடு முடிந்தபின் தரையிலிருந்து எழுவதற்குத் தூணையோ பேரப்பிள்ளையின் தோளையோ பற்றாதவர் சிலரே என்பது புலனாகும். முழங்கால் தேய்வும் இடுப்பு மூட்டுத் தேய்வும் முதுமையின் உடன்பிறப்புகள் போல ஆகிவிட்டன. இந்நோவு ஏன் வந்தது என்று வினவினால் இரண்டு விடைகளுள் ஒன்று கிடைக்கும். "நான் செய்த வினை" என்பது ஒன்று. "எங்கள் குடும்பத்திலேயே உள்ளது" என்பது மற்றொன்று. முன்னது ஆகமத்திலிருந்து கற்ற சொல். பின்னது மருத்துவரிடம் கேட்ட சொல்.

தன் நோவைக் குறித்து ஒருவர் இவ்வாறு கூறுமிடத்து அச்சொல்லில் பணிவும் பொறுமையும் விளங்குகின்றன. அதே சொல்லைப் பிறருடைய நோவின்மேல் ஏற்றிக் கூறுங்கால் அது தீர்ப்பாக மாறிவிடுகிறது. "அவர்கள் வினை, அனுபவிக்கின்றனர்", "அவர்கள் இனத்திற்கே உள்ள நோய்" என்று கூறியவுடன் கூறியவரின் உள்ளம் ஓய்வு கொள்கிறது. கைகளும் ஓய்வு கொள்கின்றன. இவ்வோய்வு அறத்திற்கு உடன்பாடானதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். தேவாலா போன்ற மலையூர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சரிவில் கொழுந்து பறிப்போரின் முழங்காலிலும், கானகத்துப் பழங்குடி இளைஞரின் இடுப்பெலும்பிலும் அது நாள்தோறும் எழுகின்றது.

ஆகமம் கூறும் உடற்கட்டு

எண்வகை வினைகளுள் நாமவினை என்பது உயிர்க்கு உடலையும், உறுப்பையும், வடிவையும் அமைத்துத் தருவது என்பதைச் சிராவகர் அனைவரும் அறிவர். அதன் உட்பிரிவுகளுள் ஒன்று சம்ஹனனம், அதாவது எலும்புகளின் பிணைப்பு. நம் ஆசாரியர்கள் அதனை ஆறு வகையாகப் பகுத்தனர். முதலாவது வஜ்ரரிஷபநாராசம், எலும்பும், அதைச் சூழ்ந்த கட்டும், இணைக்கும் ஆணியும் வைரம்போல் உறுதியாக அமைந்தது. படிப்படியாக உறுதி குறைந்து ஆறாவதில் எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டப்பெறாமல், நரம்பாலும் தசையாலும் கட்டுண்டு நிற்கும். முதல் வகை இப்பஞ்சம காலத்தில் எவர்க்கும் இல்லை என்பது நம் கொள்கை. ஆகவே, நம் அனைவருடைய மூட்டுகளும் உறுதி குன்றியவையே என்று ஒப்புக்கொண்டே நம் சமயம் பேசத் தொடங்குகிறது.

மற்றொரு நுட்பமும் இங்குக் கருதத்தக்கது. உடலின் அமைப்பைத் தருவது நாமவினை. இன்பதுன்ப நுகர்ச்சியைத் தருவது வேதநீயம். இரண்டும் வெவ்வேறு வினைகள். மூட்டு தேய்ந்திருத்தல் வேறு, நோவு உணர்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். எக்ஸ்ரே படத்தில் மிகுந்த தேய்வு காணப்படும் சிலர் நோவின்றி நடமாடுவதையும், படத்தில் சிறிதே தேய்வுள்ள சிலர் துடிதுடிப்பதையும் இக்கால மருத்துவர்களும் கண்டு கூறியுள்ளனர். இதைக்கொண்டு ஆகமத்தை எக்ஸ்ரே மெய்ப்பித்துவிட்டது என்று முழங்க வேண்டுவதில்லை. அமைப்பையும் நுகர்ச்சியையும் ஒன்றாக்கிக் குழப்பாத தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது என்ற அளவில் மகிழலாம்.

உடலின் தளர்ச்சியை நம் நெறி எத்துணைக் கூர்மையாக எதிர்கொண்டது என்பதற்கு முனிவர்களின் ஒழுக்கமே சான்று. திகம்பர முனிவரின் 28 மூலகுணங்களுள் நின்றவாறே கையில் ஆகாரம் ஏற்றல் ஒன்று. காலில் நிற்கும் வலிமை உள்ளவரையில்தான் உணவு என்பது இதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் முனிநெறிக்குப் புத்துயிர் ஊட்டிய ஆசாரிய சாந்திசாகரர் கண்ணொளி குன்றிய நிலையில் 1955ஆம் ஆண்டு குந்தலகிரியில் சல்லேகனை ஏற்று உடல் நீத்தார். உடல் தளர்ந்தபோது அவர் தம்மைக் குறித்துத் தாமே முடிவு செய்தார். பிறர் உடல் தளர்ந்தபோது அவர்க்காக நாம் முடிவு கூறுவதற்கு இதில் இடமில்லை.

விஞ்ஞானம் கூறும் மரபு

இனி மருத்துவ விஞ்ஞானம் கூறுவதைக் காண்போம். மூட்டின் முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, அடியெலும்பும் சுற்றியுள்ள சவ்வும் மாறுபடுவதே மூட்டுத் தேய்வு நோய். இதில் மரபின் பங்கு எவ்வளவு என அறிய இங்கிலாந்தில் இரட்டைப் பிறவிப் பெண்களை ஆராய்ந்தனர். 1996இல் வெளிவந்த அவ்வாய்வு, கை, முழங்கால் மூட்டுத் தேய்வில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் 39 முதல் 65 விழுக்காடு மரபைச் சார்ந்தது என மதிப்பிட்டது. எஞ்சியது வாழ்க்கை: உடல் எடை, பழைய காயம், செய்த தொழில், சுமந்த சுமை.

எந்த மரபணு என்ற வினா எழுந்தபோதுதான் வியத்தகு செய்தி வெளிப்பட்டது. 2005இல் ஜப்பானிய அறிஞர்கள் ஆஸ்போரின் என்னும் மரபணுவின் ஒரு வடிவம் தம் நாட்டாரின் முழங்கால் தேய்வோடு தொடர்புடையது எனக் கண்டனர். ஐரோப்பியரிடம் சோதித்தபோது அத்தொடர்பு அவ்வாறு உறுதிப்படவில்லை. 2007இல் அதே நாட்டில் ஜி.டி.எஃப்.5 என்னும் மற்றொரு மரபணு கண்டறியப்பட்டது. அதன் ஒரு வடிவம் மூட்டை உருவாக்கும் புரதத்தைக் குறைவாகச் சுரக்கச் செய்கிறது. ஜப்பானியரிடம் இடுப்பு மூட்டிலும், ஜப்பானியரிடமும் சீனரிடமும் முழங்காலிலும் அதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பியரிடம் அது குறைந்த அளவிலேயே காணப்பட்டது. அவ்வடிவம் ஆசியரிடையும் ஐரோப்பியரிடையும் மிகுதி, ஆப்பிரிக்கரிடை அரிது.

மரபு மட்டுமே நோயை வகுத்துவிடுமோ எனில் அதுவும் இல்லை. பெய்ஜிங் நகரத்து முதியோரை அமெரிக்க வெள்ளையரோடு ஒப்பிட்ட ஆய்வுகள் 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. சீனர்க்கு இடுப்பு மூட்டுத் தேய்வு 80 முதல் 90 விழுக்காடு குறைவு. ஆயினும் சீனப் பெண்களுக்கு முழங்கால் தேய்வு அமெரிக்கப் பெண்களைவிட மிகுதி. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்து வேலை செய்த பழக்கம் முழங்கால் தேய்வோடு தொடர்புடையது எனவும் பின்னர்க் கண்டனர். பிறப்பால் வந்ததும் வாழ்வால் வந்ததும் ஒரே உடலில் இருவேறு மூட்டுகளில் இருவேறு வகையாய்ப் பேசுகின்றன.

2021இல் 8,26,690 பேரின் தரவுகளையும், 2025இல் ஏறத்தாழ 19,60,000 பேரின் தரவுகளையும் தொகுத்த பன்னாட்டு ஆய்வுகள் வெளியாயின. பிந்தைய ஆய்வு மூட்டுத் தேய்வோடு தொடர்புடைய 962 மரபுக் குறியீடுகளைக் கணக்கிட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியே மிகச் சிறிது. ஆய்வில் இடம்பெற்றோருட் பெரும்பாலோர் ஐரோப்பிய மரபினர். நம் நாட்டு உழைக்கும் மக்களின் மூட்டுகளைப் பற்றிய அறிவு அவர்களை ஆராயாமலே எழுதப்பட்டு வருகிறது என்பதே இதன் பொருள். ஒரு மரபினரிடம் கண்ட கணக்கைப் பிற மரபினர்மேல் பொருத்தினால் பிழை மிகும். 2025ஆம் ஆண்டு சனவரியில் இந்திய மக்கள் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பு ஆராய்ச்சியாளர் பயன்பாட்டிற்கு வெளியிடப்பட்டது இக்குறையை நீக்கும் முதற்படி எனலாம்.

தேவாலாவின் சான்று

தொலைநாட்டுச் செய்திகளை விடுத்து நம் மலைக்கு வருவோம். தேவாலா நீலகிரியின் மேற்குச் சரிவில், வயநாட்டை ஒட்டி, மிகுந்த மழை பொழியும் ஊர். இப்பகுதி சமணத்திற்கு அயலானதன்று. அதிகத் தொலைவில் இல்லாத சுல்தான் பத்தேரியில் நம் முன்னோர் எழுப்பிய கற்றளி இன்றும் நிற்கின்றது. 1880ஆம் ஆண்டையொட்டிப் பொன் கிடைக்கும் என்னும் ஆசையால் ஆங்கிலேயக் குழுமங்கள் தேவாலாவில் வந்து குவிந்தன. சில ஆண்டுகளில் அனைத்தும் சரிந்தன. பொன்னைவிட இங்கு மிகுதியாகக் கிடைத்தது மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா.

அக்காய்ச்சல் நிலவிய கானகத்தில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவ இரத்த அணு மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இரு அறிஞர்கள் 1952இல் வெளியிட்டனர். நம் நாட்டில் இம்மரபு கண்டறியப்பட்ட முதற்காலம் அது. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அம்மரபணுவைப் பெற்றவர் பெரும்பாலும் நலமுடன் வாழ்வதோடு, கடும் மலேரியாவினின்றும் ஓரளவு காக்கப்படுகின்றனர். இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கோ இரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் செல்லாது அது நலிந்து, இளம் வயதிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்துவிடுவதும் உண்டு.

இதில் உள்ள அறப்பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். முன்னோரைக் காய்ச்சலினின்று காத்த கொடையே வழித்தோன்றல் ஒருவரின் இடுப்பை முறிக்கும் சுமையாகிறது. ஜி.டி.எஃப்.5 மரபணுவை ஒட்டியும் 2017இல் இத்தகையதொரு செய்தி வெளிவந்தது. எலும்பின் நீளத்தைச் சிறிது குறைக்கும் ஒரு பழைய மாற்றம் பண்டைய மக்களிடம் தேர்ந்து நிலைபெற்றதாகவும், அதனோடு மூட்டுத் தேய்வின் வாய்ப்பும் சேர்ந்து வந்ததாகவும் அறிஞர் கருதினர். ஒரே பொருள் ஒரு நோக்கில் நன்மை, மற்றொரு நோக்கில் தீமை. இத்தகையதை "கெட்ட இரத்தம்" என்று பழிப்பவர் ஏகாந்தவாதியே ஆவர்.

தேவாலாவின் மற்றொரு சாரார் தேயிலைத் தொழிலாளர். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழருட் பலர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். மழையில் வழுக்கும் சரிவில், கொழுந்து நிறைந்த சுமையோடு, நாள்முழுதும் ஏறி இறங்குவது அவர்கள் தொழில். சுமை தூக்கலும், முழங்காலை மடக்கி நெடுநேரம் உழைத்தலும் மூட்டுத் தேய்வை மிகுவிக்கும் என்பது உலகெங்கும் உறுதிப்பட்ட செய்தி. இவர்தம் முழங்கால் நோவுக்கு "மரபு" என்று பெயர் சூட்டுவது, அந்நோவில் நம் தேநீர்க் கோப்பைக்கு உள்ள பங்கை மறைப்பதாகும்.

ஹந்திகோட்டின் துயரம்

இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபால், கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்றொரு சிற்றூர் உள்ளது. 1970களின் நடுப்பகுதியில் அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஒரு கொடிய மூட்டு நோய் கண்டறியப்பட்டது. இளமையிலேயே இடுப்பும் முழங்காலும் தேய்ந்து, நடை குலைந்து, சிலர் கைகளை ஊன்றித் தவழும் நிலை எய்தினர். நோயுற்றோர் பெரும்பாலும் நிலமற்ற, தாழ்த்தப்பட்ட கூலி மக்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தனர். வயல்களில் தெளித்த பூச்சிமருந்து, அவ்வயல்களின் நண்டையும் மீனையும் வறுமையால் உண்ட மக்களின் உடலில் சேர்ந்து நோய் விளைத்தது என்றொரு கருத்து அக்காலத்தில் எழுந்தது. பின்னர் 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள், பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் மரபு நோய் இது எனக் கூறின.

இச்செய்தியைக் கேட்கும் சிராவகரின் உள்ளத்தில் ஓடக்கூடிய எண்ணத்தை மறைப்பதிற் பயனில்லை. "நண்டைத் தின்றனர், இம்சையின் பயனை நுகர்ந்தனர்" என்பதே அவ்வெண்ணம். புலாலுண்ணாமை நம் உயிர்நிலை, அதில் ஐயமில்லை. ஆயின் இத்தீர்ப்பு எத்துணைப் பொருந்தாதது என்பதைக் காண்க. நண்டு உண்டோர் நாடெங்கும் உளர். அவர்க்கெல்லாம் இந்நோய் இல்லை. ஹந்திகோட்டில் நண்டு அறியாப் பச்சிளங்குழவியும் இந்நோயின் வித்தோடு பிறந்தது. வயலில் நஞ்சு தெளித்தவர் யாவர், வேறு உணவின்றி அம்மக்களை வைத்தவர் யாவர் என்ற வினாக்கள் இத்தீர்ப்பில் எழவே இல்லை. வறியவரின் உணவை மட்டும் நோக்கி, வறுமையை நோக்காத கண் நற்காட்சியின் கண்ணாகாது.

"மரபு நோய்" என்ற பிந்தைய முடிவும் அவர்கட்கு விடிவாக அமையவில்லை. மணவுறவு கிட்டாமையும் பிறர் விலகி நிற்றலும் நோய்க்குமேல் நோயாயின. வினை என்ற சொல்லால் முன்பு விலக்கியவர், மரபு என்ற சொல்லால் பின்பு விலக்குவாராயின் சொல் மாறிற்றேயன்றி மனம் மாறவில்லை.

அநேகாந்த நோக்கு

இங்கு ஓர் ஐயம் எழலாம். வினைக்கோட்பாடு மெய்யானால், பிறர் நோய்க்கும் அவர் வினையே காரணம் என்பது உண்மைதானே, உண்மையைக் கூறுவதில் குற்றம் என்ன என்பர். மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, எந்த வினை எப்போது பயன் தருகிறது என்பதை முற்றும் அறிபவர் கேவல ஞானியே. அவ்வறிவு இல்லாத நாம் ஒருவரின் முழங்காலைக் கண்டு அவருடைய முற்பிறவியைப் படிக்க முனைவது, இல்லாத அறிவை உடையதாகக் காட்டும் பொய்ம்மை. விபாகவிசயம் என்னும் தியானம் வினைப்பயனின் இயல்பை எண்ணித் தன் பற்றைக் களைவதற்கு அமைந்தது. அயலாரின்மேல் வழக்குரைக்க அமைந்ததன்று.

இரண்டாவது, மரபணுவே வினை எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. மரபணு பெற்றோரிடமிருந்து வருகிறது, உடலோடு அழிகிறது. வினைப் புத்கலமோ உயிரோடு கட்டுண்டு பிறவி தோறும் செல்கிறது, புலன்களுக்கு எட்டாதது. பெற்றோர் தந்த உடல் வினை பயன் தருவதற்குரிய நிமித்தங்களுள் ஒன்று, அவ்வளவே. வினையையும் மரபணுவையும் ஒன்றாக்கினால், ஒரு குலத்தின் மரபணுவைக் காட்டி அக்குலமே பாவக் குலம் என்று கூற வழி பிறக்கும். அது நம் சமயம் கனவிலும் ஒப்பாத கொள்கை.

மூன்றாவதே தலையாயது. வினை பயன் தருவது திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய சார்புகளைப் பொறுத்தது என்று நம் நூல்கள் கூறும். வித்து இருப்பினும் நிலமும் நீரும் பருவமும் கூடினாலன்றி முளைக்காது. ஒருவரின் மரபு வித்தாக இருக்கலாம். ஆனால் செங்குத்தான சரிவு, அளவிறந்த சுமை, காலங்கடந்த மருத்துவம் ஆகிய க்ஷேத்திரத்தையும் காலத்தையும் அமைத்தவர்கள் மனிதர்கள். பிறர் துன்பம் கனிவதற்குரிய நிலத்தை நாம் உழுது வைத்துவிட்டு, "வித்து அவருடையது" என்று கூறித் தப்ப முடியாது. தனக்கும் பிறர்க்கும் துன்பம் விளைத்தல் அசாதா வேதநீயம் கட்டுண்பதற்குக் காரணம் எனத் தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகிறது. பிறர் நோவுக்கு நிலம் அமைப்பவர் தமக்கு வினை அமைத்துக்கொள்கின்றனர்.

நம் கடமை

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகிச்சை ஒன்று. நோயுற்ற உடலைக் கண்டு அருவருத்து விலகாமை என்பது அதன் பொருள். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவனின் சோதனையில், தன்மேல் அவர் கக்கியபோதும் அருவருக்காது, தான் இட்ட உணவில் குறை உண்டோ என வருந்திய உத்தாயன மன்னனை இதற்குச் சான்றாகக் கூறுவர். அம்மன்னன் "இவர் முன்வினை யாதோ" என்று வினவவில்லை. "என்பால் குறை யாதோ" என்று வினவினான். நோயாளியின்முன் நிற்பவர் கேட்கத்தக்க வினா அதுவே. நோயுற்றார்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாகவும், மருந்து ஈதலை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகவும் வைத்ததன் கருத்தும் இதுவே.

இதனைச் செயலில் காட்டுவது அரிதன்று. கூடலூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடியினரின் அரிவாள் அணு நோயை முனைந்து கவனித்து வருகிறது. நடுவண் அரசும் 2023 சூலைத் திங்களில் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கி, 2047ஐ இலக்காகக் கொண்டுள்ளது. இத்தகைய பணிகளுக்கு நம் ஔஷத தானம் செல்லலாம். தேயிலைத் தோட்டங்களை உடையோரும் அதில் வணிகம் செய்வோரும் சுமையின் அளவையும், ஓய்வையும், நடைபாதையின் படிகளையும் எண்ணிப் பார்த்தல் அகிம்சையின் பகுதியேயாகும். பழங்குடியினரின் இரத்தத்தை ஆராய்வோர் அவர் இசைவோடு ஆராய்வதும், அறிந்ததை அவர்க்கே திருப்பி அளிப்பதும் அஸ்தேயத்தின் பகுதியாகும். நம் ஆலயங்களில் முதியோர்க்கென நாலைந்து நாற்காலிகள் இடுவதற்கும் தயங்க வேண்டுவதில்லை. மண்டியிட இயலாதவரின் வணக்கம் குறைவுடையதன்று.

தமிழ்ச் சமணராகிய நாம் எண்ணிக்கையில் சிறியோர். நமக்குள்ளேயே மணவுறவு கொள்வோர். இத்தகைய சிறு சமூகங்களில் மறைந்திருக்கும் மரபு நோய் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஹந்திகோட்டு மக்களைப் பற்றி இன்று நாம் கூறும் சொல்லையே நாளை பிறர் நம்மைப் பற்றிக் கூறலாம். அன்று எத்தகைய சொல்லைக் கேட்க விரும்புவோமோ அத்தகைய சொல்லையே இன்று கூறுவோம்.

என் நோவு வந்தால் அது என் வினை என்று பொறுப்பேன்; பிறர் நோவு கண்டால் அது என் கடமை என்று எழுவேன். சிராவகர் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் இடம் மாற்றாது கைக்கொள்வாராக. அறம் வாழ்க.